சார்காய்டோசிஸும் கேன்சரும்: சாத்தனூர் கல்மரம் மாதிரி ஒரு குழப்பம்

போன வருஷம் லீவுக்கு ஊருக்குப் போனப்போ பெரியம்மா ஒரு ரிப்போர்ட்டை என் கையில கொடுத்தாங்க. அரியலூர் மாவட்டத்துல ஒரு சின்ன கிராமம். வீட்ல இங்கிலீஷ் மீடியம் படிச்சவன் நான் ஒருத்தன்தான். அதனால பேங்க் லெட்டரோ மெடிக்கல் ரிப்போர்ட்டோ, எந்தப் பேப்பரா இருந்தாலும் கடைசியில என்கிட்டதான் வரும்.

பெரியம்மா முன்கையில சின்ன வயசுல பச்சை குத்தின கோலம் ஒண்ணு இருக்கு. ஆறு மாசமா அந்தக் கோடுகள் மட்டும் தடிச்சுப் புடைச்சிருந்தது. வலி இல்ல, அரிப்பும் பெருசா இல்ல. மூக்கு ஓரத்துலயும் ரெண்டு சின்னத் தடிப்பு. தோல்ல இருந்து ஒரு துண்டு எடுத்து பயாப்சிக்கு அனுப்பியிருந்தாங்க. ரிப்போர்ட்ல இருந்த விஷயம் இதுதான்: கேசியேஷன் இல்லாத கிரானுலோமா, சார்காய்டோசிஸாக இருக்கலாம், நோயாளியின் நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்.

பெரியம்மா கேட்டது ஒரே கேள்வி. "ஏன் தம்பி, கேன்சர் இல்லைன்னு எழுதியிருக்கா?"

போன்ல தேடினேன். பாதிப் பக்கம் இது கேன்சர் இல்ல, பயப்படாதீங்கன்னு சொல்லுது. மீதிப் பக்கம் இதுக்கும் கேன்சருக்கும் தொடர்பு இருக்குன்னு சொல்லுது. "இல்ல பெரியம்மா"ன்னு சொல்லிட்டேன். அது முழுப் பதில் இல்லைன்னு பிறகுதான் புரிஞ்சது. அந்த முழுப் பதிலைத்தான் இங்க எழுதப் பார்க்குறேன். உங்க வீட்லயும் ரிப்போர்ட் படிச்சுச் சொல்ற ஆள் நீங்களாத்தான் இருப்பீங்க.

கிரானுலோமான்னா என்ன?

நம்ம உடம்புக்குள்ள அழிக்க முடியாத ஏதாவது ஒண்ணு வந்து உட்கார்ந்துட்டா, நோய் எதிர்ப்பு செல்கள் அதைச் சுத்திச் சுவர் கட்டும். மேக்ரோஃபேஜ்ங்கிற செல்கள் ஒண்ணோட ஒண்ணு நெருங்கி ஒட்டி நிக்கும், சிலது ஒண்ணா இணைஞ்சு பெரிய செல்லா மாறும், வெளியில லிம்போசைட்கள் காவல் நிக்கும். இந்த உருண்டைக்குப் பேர்தான் கிரானுலோமா.

காசநோய்க் கிருமிக்கு எதிராவும் இந்தச் சுவர் வரும். தொழுநோய்க் கிருமி, சில பூஞ்சைகள், தோலுக்குள்ள மாட்டின சிலிகா துகள், பச்சை மை, இதுக்கெல்லாமும் வரும். காசநோயில அந்த உருண்டையோட நடுப்பகுதி செத்து, உதிர்ந்த பனீர் மாதிரி ஆகிடும். அதைத்தான் கேசியேஷன்னு சொல்றாங்க. சார்காய்டோசிஸ்ல பொதுவா அது இருக்காது. எதுக்கு எதிரா சுவர் கட்டினதுன்னு தேடினா உள்ள ஆளும் இருக்க மாட்டான்.

அதனால சார்காய்டோசிஸ்ங்கிறது ஒரு டெஸ்ட்ல பாசிட்டிவ்னு வர்ற நோய் இல்ல. கிரானுலோமா இருக்கணும், நோயாளியோட அறிகுறிகள் ஒத்துப் போகணும், மத்த காரணங்கள் எல்லாத்தையும் ஒவ்வொண்ணா அடிச்சுட்டு வரணும். நாம கோடு டீபக் பண்ற மாதிரிதான். அந்த அடிக்க வேண்டிய பட்டியல்ல ஒரு வரி கேன்சர்.

பேர்லயே கேன்சர் இருக்கு

லண்டன்ல ஜொனாதன் ஹட்சின்சன்ங்கிற டாக்டர் 1869ல, நிலக்கரித் துறையில வேலை செஞ்ச ஒருத்தரோட தோல்ல இருந்த தடிப்புகளைக் கவனிச்சார். முப்பது வருஷம் கழிச்சு, 1899ல, நார்வேயில சீசர் போக்ங்கிற தோல் டாக்டர் ஒரு போலீஸ்காரரோட தோல் முடிச்சுகளை மைக்ரோஸ்கோப்ல பார்த்தார். சதையில வர்ற சார்கோமாங்கிற கேன்சர் மாதிரி அவருக்குத் தெரிஞ்சது, ஆனா அது கேன்சர் மாதிரி நடந்துக்கல. அதனால சார்காய்டு, அதாவது சார்கோமா போல இருப்பதுன்னு பேர் வச்சார். கூடவே தீங்கற்றதுன்னும் ஒரு வார்த்தையைச் சேர்த்துக்கிட்டார்.

பெரம்பலூர் மாவட்டத்துல ஸ்கூல் படிச்சவங்க எல்லாரும் சாத்தனூர் டூர் போயிருப்பீங்க. 1940ல புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டுபிடிச்ச, 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம். பார்த்தா மரம், தட்டினா கல். சார்காய்டோசிஸும் அப்படித்தான். பார்த்தா கேன்சர், தொட்டுப் பார்த்தா வேற. ஒரு வித்தியாசம், கல்மரத்துல பச்சை மரம் எதுவும் ஒளிஞ்சிருக்காது. இங்க சில சமயம் ஒளிஞ்சிருக்கும்.

தோல்ல எப்படித் தெரியும்?

சார்காய்டோசிஸ் வந்தவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு நுரையீரலோ நெஞ்சுக்குள்ள இருக்கிற நெறிக்கட்டிகளோ பாதிக்கப்பட்டிருக்கும். சுமார் நாலு பேர்ல ஒருத்தருக்குத் தோல்லயும் வரும். வெளியில தெரியுற இடமும் சுலபமா பயாப்சி எடுக்கிற இடமும் தோல்ங்கிறதால, நிறைய பேருக்கு நோயே அங்கதான் முதல்ல பிடிபடும்.

சின்னச் சின்ன பருக்கள், தட்டையான தடிப்புகள், மூக்கு கன்னம் காது ஓரங்கள்ல ஊதா சாயலோட வர்ற வீக்கம், இப்படிப் பல உருவம். பழைய தழும்புக்குள்ளயும் பச்சை குத்தின இடத்துலயும் வந்து உட்காரும். டாட்டூ போட்டிருக்கிற நண்பர்கள் இதைக் கவனிச்சுக்கோங்க. பல வருஷம் சும்மா இருந்த டாட்டூ திடீர்னு தடிச்சா அது மை அலர்ஜியா மட்டும் இருக்கணும்னு இல்ல.

டாக்டர் ஒரு கண்ணாடித் துண்டை வச்சுத் தடிப்பை அழுத்திப் பார்ப்பார். ரத்தச் சிவப்பு விலகினதும் ஆப்பிள் ஜெல்லி மாதிரி மஞ்சள் கலந்த பழுப்பு தெரியும். ஆனா தோல் காசநோயிலயும் அதே நிறம்தான் தெரியும். அதனாலதான் பயாப்சி.

கேன்சரோட தொடர்பு மூணு வழியில

முதல் வழி, கேன்சர் முன்னாடி, கிரானுலோமா பின்னாடி. கட்டியில இருந்து கழண்டு வர்ற புரதங்கள் பக்கத்து நெறிக்கட்டிக்குப் போகும். அதைப் பார்த்து எதிர்ப்பு செல்கள் அங்க கிரானுலோமா கட்டும். நோயாளிக்கு முழு சார்காய்டோசிஸ் இருக்காது, அந்த ஏரியாவுல மட்டும் அதே மாதிரி ஒரு எதிர்வினை இருக்கும். டென்மார்க்கைச் சேர்ந்த பிரிங்கர் 1986ல தொகுத்த கணக்குப்படி சாதாரண கார்சினோமாக்கள்ல 4.4 சதவீதத்துலயும், ஹாட்ஜ்கின் லிம்போமாவுல 13.8 சதவீதத்துலயும், மத்த லிம்போமாக்கள்ல 7.3 சதவீதத்துலயும் இது இருந்தது. அரிதுன்னு தள்ளிட முடியாத எண்ணிக்கை.

கேன்சர் மருந்தும் இதைக் கிளப்பும். எதிர்ப்பு சக்தியோட பிரேக்கை எடுத்துவிடுற நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் மாதிரி மருந்து எடுக்கிறவங்கள்ல சிலருக்குத் தோல்லயும் நெறிக்கட்டியிலயும் கிரானுலோமா வருது. ஸ்கேன்ல புதுப் புள்ளி தெரிஞ்சதும் கேன்சர் பரவிடுச்சுன்னு நினைச்சா, வேலை செய்யுற மருந்தையே நிறுத்திடுற ஆபத்து இருக்கு.

ரெண்டாவது வழி, சார்காய்டோசிஸ் முன்னாடி, கேன்சர் பின்னாடி. வருஷக்கணக்கா லிம்போசைட்கள் உசுப்பிவிடப்பட்டுப் பெருகிக்கிட்டே இருந்தா, பிரியுற செல்கள்ல எங்கயாவது ஒண்ணு தடம் மாறலாம். லிம்போமா இப்படி வரலாம்ங்கிறது இதுக்குப் பின்னாடி இருக்கிற கருத்து. சார்காய்டோசிஸ் லிம்போமா சிண்ட்ரோம்ங்கிற பேரையும் பிரிங்கர்தான் வச்சார்.

மூணாவது வழி, ஆள் மாறாட்டம். ஹாட்ஜ்கின் லிம்போமாவும், தோல்ல வர்ற சில லிம்போமாக்களும் நிறைய கிரானுலோமாவோட வரும். ஊசி போய் எடுத்த துண்டுல கிரானுலோமா மட்டும் மாட்டி, கேன்சர் செல் மாட்டலைன்னா ரிப்போர்ட் சார்காய்டோசிஸ்னு வந்துடும். ரிப்போர்ட் எழுதினவர் மேல தப்பில்ல. அவருக்குக் கிடைச்ச துண்டுல இருந்ததை எழுதினார்.

நம்பர் என்ன சொல்லுது?

1974ல பிரிங்கரும் வில்பெக்கும் டென்மார்க்ல 2,544 நுரையீரல் சார்காய்டோசிஸ் நோயாளிகளைப் பார்த்தாங்க. எதிர்பார்த்ததை விட லிம்போமா 11 மடங்கு, நுரையீரல் கேன்சர் 3 மடங்குன்னு சொன்னாங்க. பெரிய அதிர்ச்சி. பிறகு அதே நாட்டுல ரோமர்ங்கிற ஆய்வாளர் அந்தக் கேஸ்களைத் திரும்பத் தோண்டி, சிலருக்கு சார்காய்டோசிஸ்ங்கிற முடிவே சந்தேகம்னு எதிர்ப்புத் தெரிவிச்சார். நான் மேல சொன்ன ஆள் மாறாட்டம்தான்.

2009ல ஸ்வீடன்ல, 1964ல இருந்து 2004 வரைக்கும் ஆஸ்பத்திரியில சேர்ந்த 10,037 சார்காய்டோசிஸ் நோயாளிகளோட கணக்கு வெளிவந்தது. கேன்சர் மொத்தத்துல 40 சதவீதம் கூடுதல். ஆனா அந்தக் கூடுதல்ல பெரும்பங்கு முதல் வருஷத்துலயே இருந்தது. இந்த ஒரு வரி ரொம்ப முக்கியம். சார்காய்டோசிஸ் மெதுவா கேன்சரை உண்டாக்குதுன்னா கூடுதல் பிந்தித்தான் வரணும். முதல் வருஷத்துலயே குவிஞ்சா, கேன்சர் ஏற்கெனவே உள்ள இருந்திருக்கு, இல்லன்னா நிறைய ஸ்கேன் எடுத்ததால சீக்கிரம் மாட்டியிருக்குன்னு அர்த்தம். அடுத்த வருஷங்கள்லயும் கொஞ்சம் கூடுதல் இருந்தது, ஆனா குறைவா.

2015ல 16 ஆய்வுகளையும் 25,000க்கு மேற்பட்ட நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்புல, மொத்த கேன்சர் அபாயம் 1.19 மடங்குன்னு வந்தது. இதை எப்படிப் படிக்கணும்? சும்மா கணக்குக்கு, ஒரு காலகட்டத்துல 1,000 பேர்ல 50 பேருக்குக் கேன்சர் வரும்னு வச்சுக்கோங்க. 1.19 மடங்குன்னா அது கிட்டத்தட்ட 60 ஆகும். மீதி 940 பேருக்கு வராது. 19 சதவீதம் பேருக்குக் கேன்சர்னு படிச்சா தப்பு. வாட்ஸ்அப் ஃபார்வர்டுல இந்தத் தப்புதான் சுத்தும்.

ஆக பெரும்பாலானவங்களுக்குக் கேன்சர் இல்ல. பாதிக்கும் மேற்பட்டவங்களுக்கு நோயே சில வருஷத்துல தானா அடங்கிடும். கவனமா இருக்க வேண்டியது ஆரம்ப காலத்துல, குறிப்பா முதல் வருஷத்துல.

ஸ்கேனும் ரத்தமும் ஏமாத்துற இடம்

பெட் ஸ்கேன் எடுத்தா உண்மை தெரிஞ்சிடும்னு நினைப்போம். அதுல கதிரியக்க ஃப்ளோரின் ஒட்டின சர்க்கரையை ஊசியில ஏத்துவாங்க. எந்த செல் அதிகமா சர்க்கரை சாப்பிடுதோ அது படத்துல ஒளிரும். கேன்சர் செல் பசியோட சாப்பிடும். கிரானுலோமாவுல இருக்கிற மேக்ரோஃபேஜும் அதே பசியோட சாப்பிடும். ரெண்டும் ஒரே மாதிரி ஒளிரும். எங்க இருந்து துண்டு எடுக்கலாம்னு காட்ட பெட் ஸ்கேன் நல்ல வழிகாட்டி. எது என்னன்னு தீர்ப்புச் சொல்ற வேலை அதுக்கு வராது.

ரத்தத்துல கால்சியமும் அப்படித்தான். கிரானுலோமா செல்கள் வைட்டமின் டியை அதோட வீரியமான வடிவத்துக்கு மாத்திவிடும், அதனால கால்சியம் ஏறும். சில லிம்போமாக்களும் இதே வேலையைச் செய்யும். ஒரே அலாரம், ரெண்டு திருடன்.

நம்ம ஊர்ல ஏன் கூடுதல் சிக்கல்?

மேல சொன்ன கணக்கெல்லாம் டென்மார்க், ஸ்வீடன். அங்க கிரானுலோமான்னா முதல் சந்தேகமே சார்காய்டோசிஸ். இங்க முதல் சந்தேகம் காசநோய், தோல்னா கூடவே தொழுநோய். அது நியாயமான வரிசைதான். தொழுநோய்த் தடிப்புல உணர்ச்சி குறைஞ்சிருக்கும், கிரானுலோமா நரம்பைச் சுத்தி இருக்கும். காசநோய்க்குக் கிருமிச் சாயம், மரபணு டெஸ்ட் எல்லாம் இருக்கு. ரெண்டுக்கும் அரசு ஆஸ்பத்திரியில மருந்து இலவசம். தப்பு எங்க நடக்குதுன்னா, டெஸ்ட்ல கிருமி கிடைக்காம மாத்திரை ஆரம்பிச்சு, மாசக்கணக்குல மாற்றம் எதுவும் இல்லாமலே தொடர்றப்போ. மாற்றம் இல்லைங்கிறதும் ஒரு டெஸ்ட் ரிசல்ட்தான்.

அடுத்து வேலை. அரியலூர்ல சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலையும், பெரம்பலூர் பக்கம் கல் குவாரியும் கிரஷரும். சுண்ணாம்புத் தூசும் சிலிகா தூசும் ஒண்ணு இல்ல. கருங்கல் உடைக்கிற, துளை போடுற, அரைக்கிற வேலையில வர்ற நுண்ணிய சிலிகாதான் இங்க விஷயம். ஸ்வீடன் கட்டடத் தொழிலாளர்கள் ஆய்வுல சிலிகா தூசுல வேலை செஞ்ச ஆண்களுக்கு சார்காய்டோசிஸ் கூடுதலா இருந்தது. சிலிகா நுரையீரல் கேன்சருக்குக் காரணம்ங்கிறது உறுதியானதுன்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997லயே வகைப்படுத்திடுச்சு. நெஞ்சு எக்ஸ்ரேயில சிலிகோசிஸும் நெறிக்கட்டியைப் பெருசாக் காட்டும். அதனால அப்பா, சித்தப்பா யாராவது கிரஷர்ல வேலை செஞ்சிருந்தா, பத்து வருஷம் முன்னாடின்னாலும் டாக்டர்கிட்ட சொல்லிடணும். அவரா கேட்கணும்னு காத்திருக்க வேண்டாம்.

கடைசிச் சிக்கல்தான் எனக்கு ரொம்ப உறுத்துறது. பயாப்சிக்கு முன்னாடி பெரியம்மா ரெண்டு மாசம் ஒரு கடையில வாங்கின மாத்திரையும் க்ரீமும் போட்டிருக்காங்க. தடிப்பு கொஞ்சம் அடங்கி, நிறுத்தினதும் திரும்ப வந்திருக்கு. அட்டையை எடுத்துப் பார்த்தேன், ஸ்டீராய்டு. சார்காய்டோசிஸுக்கு ஸ்டீராய்டு உண்மையான மருந்துதான். ஆனா அது காசநோயா இருந்தா ஸ்டீராய்டு அதை வளர்த்துவிடும். லிம்போமாவா இருந்தா கட்டி தற்காலிகமா சுருங்கும், பிறகு பயாப்சி எடுத்தாலும் சரியாப் படிக்க முடியாம போகும். முதல்ல துண்டு, அப்புறம்தான் ஸ்டீராய்டு. இந்த வரிசை மாறக் கூடாது.

ரிப்போர்ட் கையில வந்தா என்ன கேட்கணும்?

1. காசநோய், தொழுநோய், பூஞ்சை மூணுக்கும் அந்தத் துண்டுல சாயம் போட்டுப் பார்த்தாச்சா?

2. நெஞ்சு எக்ஸ்ரே அல்லது சிடி, ரத்தத்துல கால்சியம், கல்லீரல், சிறுநீரகம், ஈசிஜி, கண் பரிசோதனை இதெல்லாம் ஆச்சா? தோல்ல மட்டும் தெரிஞ்சாலும் உள்ள பார்த்தே ஆகணும். கண்ணுலயும் இதயத்துலயும் சத்தமில்லாம இருக்கும்.

3. நெஞ்சுல நெறிக்கட்டி ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்கா? சார்காய்டோசிஸ்ல பொதுவா அப்படித்தான் இருக்கும். ஒரே பக்கம் மட்டும்னா இன்னும் தேடணும்.

4. காரணம் இல்லாத எடைக் குறைவு, ராத்திரி உடம்பு நனையுற வியர்வை, விடாத காய்ச்சல், இருமல்ல ரத்தம், வேகமா வளர்ற கெட்டியான கட்டி, சிகிச்சைக்கு அடங்காத தடிப்பு, இதுல ஒண்ணு இருந்தாலும் இன்னொரு இடத்துல இருந்து பயாப்சி தேவையான்னு கேளுங்க.

5. முன்னாடி கேன்சர் வந்திருக்கா, எந்த மருந்து ஏறினதுன்னு பழைய டிஸ்சார்ஜ் சம்மரியோட சொல்லுங்க.

6. பயாப்சி ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்க முடியும். பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனா அதையும் எடுத்துட்டுப் போங்க. பேப்பரை மட்டும் கொண்டு போனா அங்க திரும்பத் தோலை வெட்ட வேண்டி வரலாம்.

ஒரு சின்னக் குறிப்பு. சிகிச்சையில மெத்தோட்ரெக்சேட்னு ஒரு மாத்திரை எழுதலாம். கூகுள்ல தேடினா கேன்சர் மருந்துன்னு வரும். பயந்துடாதீங்க. இங்க வாரம் ஒரு முறை, குறைஞ்ச டோஸ்ல, எதிர்ப்பு சக்தியை அடக்கத்தான் கொடுக்கிறாங்க. வாரம் ஒரு முறைங்கிறதை வீட்ல அழுத்திச் சொல்லுங்க, தினமும் போட்டா ஆபத்து.

முதல் படிக்கு ரொம்ப தூரம் போகத் தேவையில்ல. அரியலூர்லயே 2022 ஜனவரில அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாச்சு. தோல் பிரிவுல காட்டி ஆரம்பிக்கலாம்.

பெரியம்மாவுக்கு என்ன ஆச்சு?

சிடியில நெஞ்சுக்குள்ள ரெண்டு பக்கமும் நெறிக்கட்டி இருந்தது. மூச்சுக்குழாய் வழியா ட்யூப் விட்டு அங்க இருந்தும் துண்டு எடுத்தாங்க. அதுலயும் கிரானுலோமா, காசநோய் டெஸ்ட் நெகட்டிவ், கேன்சர் செல் இல்ல. மருந்து ஆரம்பிச்சாச்சு. மூக்கு ஓரத் தடிப்பு அடங்கிடுச்சு, கையில கோலம் இன்னும் லேசாப் புடைச்சுத்தான் இருக்கு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை செக்கப்.

போன மாசம் பஸ்ல வரும்போது திரும்பவும் கேட்டாங்க. "அப்போ கேன்சர் இல்லைதானே தம்பி?"

"எடுத்துப் பார்த்த ரெண்டு இடத்துலயும் இல்ல பெரியம்மா. இது வந்தவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கும் மேல இருக்கவும் இருக்காது. ஆனா முதல் வருஷம் தேதி தவறாம போயிடணும். எடை குறைஞ்சா, காய்ச்சல் வந்தா அடுத்த தேதிக்குக் காத்திருக்காம சொல்லணும்."

கொஞ்ச நேரம் ஜன்னல் வழியா பார்த்துட்டு, "இப்படி விவரமா சொன்னா புரியுது. அன்னிக்கு நீ பட்டுனு இல்லைன்னு சொன்னப்போதான் எனக்கு பயமா இருந்துச்சு"ன்னாங்க.